பதினாறுக்கு ஒன்பது

அந்தத் தாள் இன்னும் என் மியூசிக் பிளேயரின் உறைக்குள்தான் மடித்துக் கிடக்கிறது. நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். இடது ஓரத்தில் 1 முதல் 16 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் எழுதிய 'அ' அல்லது 'ஆ', அதன் பக்கத்தில் அக்கா மகள் போட்ட டிக்கும் பெருக்கல் குறியும். கீழே வட்டம் போட்டு 9/16. அந்த வட்டத்தை அவள் அவ்வளவு அழுத்திப் போட்டிருக்க வேண்டியதில்லை என்று இப்போதும் தோன்றுகிறது.

பாட்டு கேட்பதற்கென்றே தனியாக ஒரு பிளேயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் கூட்டம் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. அதில் நானும் ஒருவன். 'ஃபோன்லயே எல்லாம் இருக்கே, இது எதுக்கு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. பாட்டின் நடுவே யாரும் கூப்பிட மாட்டார்கள், பையிலிருந்து எடுக்காமலே பொத்தானைத் தடவி அடுத்த பாட்டுக்குப் போகலாம், எனக்கு அது போதும். என்னை அரித்தது வேறு கேள்வி. ஒப்பிட்டுக் காட்ட வைத்திருந்த ஒன்றிரண்டு எம்பி3-யைத் தவிர, பல வருடங்களாக என் பிளேயரில் ஃபிளாக் கோப்புகள் மட்டும்தான், ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம் அது. இடத்தை மிச்சப்படுத்த ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துவிடும் எம்பி3-யைப் பற்றி யாராவது பேசினால் முகத்தைச் சுளிப்பேன். 'அது சாறு போன சக்கை' என்பது என் வழக்கமான வசனம். கேட்டவர்கள் பாவம், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் கொடுத்த விலையை இடக்கணக்கில் சொல்லலாம். சிடியில் ஒரு விநாடி இசை என்பது இரண்டு காதுக்குமாகச் சேர்த்து சுமார் 1,411 கிலோபிட். நான்கு நிமிடப் பாட்டு 42 எம்பி. ஃபிளாக் அதை ஏறக்குறைய பாதியாகச் சுருக்கும், ஜிப் கோப்பைப் போல. அவிழ்த்தால் ஒரு பிட் குறையாமல் திரும்பி வரும். அதே பாட்டு 256 கேபிபிஎஸ் (விநாடிக்கு 256 கிலோபிட்) எம்பி3-யில் எட்டு எம்பிக்கும் குறைவு. 2001-இல் முதல் ஐபாட் வந்தபோது 5 ஜிபியில் 1,000 பாட்டு என்றார்கள். 160 கேபிபிஎஸ், பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துப் பெருக்கினால் கணக்கு சரியாக வரும். அதே 5 ஜிபியில் ஃபிளாக் போட்டால் 200 பாட்டுதான். மிச்சம் 800 பாட்டுக்கான இடத்தைத் தியாகம் செய்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, இருந்த சிடிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி கணினியில் போட்டு ஃபிளாக்காக இறக்கியவன் நான். அந்த மூன்று மாதமும் வீண் என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க முடியுமா?

திரையைப் பார்க்காமல்

லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் ஒரு நாள் பிளேயரை வாங்கிக் கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். 'முதல்ல இந்த எம்பி3 கேளு, அப்புறம் இந்த ஃபிளாக் கேளு, மண்ணுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம்' என்று ஆரம்பித்தேன். இரண்டையும் பொறுமையாகக் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதான் மாமா" என்றாள். காது பழக வேண்டும், பத்து வருடமாவது கேட்டால்தான் பிடிபடும் என்று என் பழைய பாட்டையே பாடினேன். "அப்ப உங்களுக்குப் பழகிடுச்சு இல்ல? திரையைப் பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்."

அவள் சோதனையை அமைத்த விதம்தான் என்னைக் கவிழ்த்தது. நான் ஏதோ இரண்டு பாட்டைப் போட்டுக் காட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ எனக்குப் பிடித்த பாட்டின் ஃபிளாக்கை எடுத்து, அதிலிருந்து கணினியில் 256 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்றைச் செய்தாள். பிறகு அந்த எம்பி3-யையே திரும்ப ஃபிளாக்காக மாற்றினாள். போனது போனதுதான், மாற்றியதால் எதுவும் திரும்பி வராது. ஆனால் பிளேயரைப் பொறுத்தவரை இரண்டுமே ஃபிளாக். திரையில் ஒரே மாதிரி தெரியும், பாட்டு தொடங்குவதில் முன்பின் இருக்காது, எனக்குத் துப்புக் கொடுக்க ஒன்றுமில்லை. ஒன்றுக்கு 'அ', மற்றதுக்கு 'ஆ' என்று பெயர். நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து 'அ'வோ 'ஆ'வோ போடுவாள். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, இயர்போன் ஒயர் எட்டும் தூரத்தில் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வால்யூமைத் தொடக் கூடாது. மொத்தம் 16 முறை. 12 சரியாகச் சொன்னால் ஜெயித்தேன். ஏன் 12 என்றால், வெறும் குருட்டு ஊகத்தில் 16-க்கு 12 அல்லது அதற்கு மேல் எடுக்க வாய்ப்பு நூற்றுக்கு நான்குகூட இல்லை.

முதல் நான்குக்கும் யோசிக்கவே இல்லை. 'காத்தோட்டம் இருக்கு, இது ஃபிளாக்', 'மூச்சடைச்ச மாதிரி இருக்கு, இது எம்பி3' என்று ராஜநடை போட்டேன். தாளைப் பார்த்தபோது அந்த நான்கில் மூன்று தவறு. இது தெரிந்தது பிறகுதான். ஆனால் ஆறாவது ஏழாவது சுற்றிலேயே எனக்குள் ஏதோ பிசகியது. பாடகரின் குரலைக் கேட்கவில்லை, குரலுக்குப் பின்னால் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். சிம்பல் தேய்ந்து அடங்கும் இடம், வயலின் வில் திரும்பும் இடம், எல்லாவற்றிலும் மோப்பம் பிடித்தேன். பத்தாவது சுற்றுக்கு மேல் சொன்னதெல்லாம் வெறும் ஊகம். 9 வந்தது. ஒன்றுமே தெரியாமல் நாணயம் சுண்டிப் பதில் எழுதினாலும் 9 அல்லது அதற்கு மேல் வர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு உண்டு.

விடுவேனா? அடுத்து 128 கேபிபிஎஸ் வைத்துப் போடச் சொன்னேன். அதில் 14. கைத்தட்டல் வரும் இடத்தில் தட்டல் தட்டலாக இல்லாமல் தண்ணீரில் நனைந்தது போல மழுங்கியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். ஆக காது செத்துவிடவில்லை. ஒரு பெரிய சத்தத்தை ஒட்டி இருக்கும் சின்னச் சத்தம் நமக்குக் கேட்காது. கேட்காததைத் தோராயமாக எழுதினால் போதும் என்பதுதான் எம்பி3-யின் தந்திரம். பாட்டை விநாடிக்கு 38 துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எது எதை மறைக்கிறது என்று கணக்குப் போடும். அமைதியில் திடீரென்று விழும் அடிதான் அதற்குக் கஷ்டம்: அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே கசிவு போல ஒன்று கேட்டுவிடும். 128-இல் அந்தக் கசிவு என்னிடம் மாட்டியது. 256-இல் மாட்டவில்லை. இது புரிந்தும், தோற்றவன் சொல்லும் மூன்று காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன்: களைப்பு, பாட்டு சரியில்லை, இயர்போன் சரியில்லை.

"மூணாவதை வேணா பார்க்கலாமே" என்றாள்.

வலது காது

இயர்போனை என் காதிலிருந்து அவளே கழற்றினாள். இடது பக்கம் 'பொக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு வந்தது. வலது பக்கம் சும்மா வந்தது. "இது ஏன் மாமா தொளதொளன்னு இருக்கு?" எனக்கு அது புதிய செய்தி. நடக்கும்போது வலது பக்கம் அடிக்கடி நழுவும், விரலால் தள்ளிவிட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். மறுபடி மாட்டி, பாட்டைப் போட்டு, வலது பக்கத்தை மட்டும் விரலால் லேசாக அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.

பேஸ் கிதார் வந்து நின்றது. இடது காதில் மட்டும் ஒதுங்கிக் கேட்டுக்கொண்டிருந்தது, நெற்றிக்கு நேரே நடுவில் வந்து உட்கார்ந்தது. விரலை எடுத்தேன், போய்விட்டது. அழுத்தினேன், வந்தது. ஸ்விட்ச் கிடைத்த குழந்தை மாதிரி ஐந்தாறு தடவை செய்து பார்த்தேன். இந்தப் பாட்டை நூறு முறையாவது கேட்டிருப்பேன். அதில் பேஸ் பின்னணியில் லேசாக வரும், அதுதான் அந்த இசையமைப்பின் அழகு என்று ஒருவரிடம் விளக்கிச் சொன்னதுகூட உண்டு.

காரணம் மிகச் சாதாரணமானது. காதுக்குள் போகும் இயர்போன், ரப்பர் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்ட துளிக் காற்றைத்தான் அசைக்கிறது. எங்காவது சிறு இடைவெளி இருந்தால் மெதுவாக அசையும் காற்று முதலில் அதன் வழியே கசிந்துபோகும். மெதுவான அசைவு என்றால் கீழ்ச்சுருதி, அதாவது பேஸ். குரல் அப்படியே இருக்கும், அதனால்தான் ஏதோ குறைகிறது என்று சந்தேகமே வராது. பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் கொடுத்திருந்தார்கள். நடுத்தரம் மாட்டியே வந்தது. மற்ற இரண்டு ஜோடியும் பிரிக்காத பிளாஸ்டிக் பையில் அப்படியே இருந்தன. ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் வலது காதுக்குப் பெரியது வேண்டும். செருப்பு வாங்கும்போது இரண்டு காலையும் விட்டுப் பார்க்கிறோம். காதுக்கு அந்த மரியாதை கொடுக்கத் தோன்றவில்லை.

பேஸ் இல்லாத குறையை நான் வேறு வழியில் தீர்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. ஒலியின் கீழ், நடு, மேல் பட்டைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரில் 60 ஹெர்ட்ஸ் பட்டையை 6 டெசிபல் ஏற்றி வைத்திருந்தேன். ஏற்கெனவே உச்சத்தில் பதிவான பாட்டை இன்னும் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும். அந்தக் கரகரப்பு கேட்டதும் அது எம்பி3-யின் தப்பு என்று தீர்ப்பு எழுதினேன். நாலு ஜன்னலில் ஒன்று திறந்து கிடக்க, ஏசியைப் பழித்துக்கொண்டிருந்த கதை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. முதன்முதலில் ஃபிளாக் கேட்ட அன்று வித்தியாசம் தெரிந்ததே, அது நிஜம்தானே? அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய்யாக யாருக்காவது சிலிர்க்குமா? பழைய எம்பி3 தொகுப்பு ஒரு மூலையில் பத்திரமாக இருந்ததால் அதே பாட்டைத் தோண்டி எடுத்தேன். இரண்டு கோப்புகளையும் ரீப்ளேகெயின் கணக்கில் போட்டேன். ஒரு பாட்டு மொத்தத்தில் எவ்வளவு சத்தமாகப் பதிவாகியிருக்கிறது என்று அளந்து, எல்லாப் பாட்டும் சமமாக ஒலிக்க எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எண்ணைக் கோப்போடு ஒட்டிய குறிப்பில், அதாவது டேகில், எழுதி வைக்கும் முறை அது, பாட்டைத் தொடாது. பழைய எம்பி3-க்கு 2 டெசிபல் குறைக்கச் சொன்னது. ஃபிளாக்குக்கு 7. எம்பி3 பழைய சிடியிலிருந்து எடுத்தது, ஃபிளாக் பிற்பாடு மறுவெளியீடு செய்த சிடியிலிருந்து எடுத்தது. மறுவெளியீட்டில் சத்தத்தை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். நான் அன்று சிலிர்த்தது 5 டெசிபல் கூடுதல் சத்தத்துக்கு.

சத்தம் குறையும்போது நம் காது பேஸை மற்றவற்றைவிட வேகமாகக் கைவிடும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதைப் புரட்டிச் சொன்னால், சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே பாட்டு கனமாகவும் விரிவாகவும் தோன்றும். கொஞ்சம் என்றால் ஒரு டெசிபல்கூடப் போதும். சத்தம் கூடியிருக்கிறது என்று உறைக்காது, 'நல்லாயிருக்கு' என்றுதான் தோன்றும். இரண்டு பிளேயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு 'இதுதான் உசத்தி' என்று நான் இதுவரை கொடுத்த சான்றிதழ்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் மாறியவை

முதலில் மாறியது வால்யூம். பஸ்ஸில் போகும்போது 30-க்கு 24-இல் வைத்துத்தான் கேட்பேன். இப்போது 15. வலது பக்கம் அடைபட்டதும் வெளிச்சத்தம் உள்ளே வருவது பெருமளவு நின்றது. முன்பெல்லாம் அந்த எஞ்சின் இரைச்சலோடு போட்டி போடத்தான் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிறவனுக்கு 89 என்பது மூன்று நாளில் தீர்ந்துபோகும் ரேஷன். 24-இல் வைத்திருந்த காலத்தில் ராத்திரி தலையணையில் படுத்ததும் வலது காதில் மெல்லிய ரீங்காரம் ஒன்று இருக்கும். வயசு என்று நினைத்திருந்தேன். இப்போது இல்லை.

பிளேயரில் இப்போது இருப்பது 256 எம்பி3. ஃபிளாக்கை அழித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள்! அவை இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. நாளைக்கு வேறு ஏதாவது வடிவம் வந்தால் ஃபிளாக்கிலிருந்து புதிதாகச் செய்துகொள்ளலாம். எம்பி3-யிலிருந்து செய்தால் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஆகும். இன்னொரு இடத்திலும் ஃபிளாக்கின் பக்கம் நியாயம் உண்டு. எம்பி3 தன் அமைப்பாலேயே பாட்டின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்க்கும். மேடைக் கச்சேரிப் பதிவுகளில் ஒரு பாட்டின் கைத்தட்டல் அடுத்த பாட்டுக்குள் ஓடும், அங்கே 'டிக்' என்று ஒரு வெட்டு விழும். எவ்வளவு மௌனம் சேர்த்தோம் என்பதை எம்பி3 செய்யும் லேம் போன்ற மென்பொருள்கள் கோப்பிலேயே எழுதி வைக்கும். அதைப் படித்து ஒதுக்கிவிடும் பிளேயர் என்றால் பிரச்சினை இல்லை, படிக்காத பிளேயர் என்றால் கச்சேரிகளை மட்டும் ஃபிளாக்கிலேயே வைப்பது நல்லது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆமாம், இதில் கொஞ்சம் பழைய பிடிவாதமும் இருக்கிறது.

இடம் மிச்சமானதும் மெமரி கார்டை மறுபடி அடுக்க உட்கார்ந்தேன். அங்கேதான் இன்னொரு பல வருட எரிச்சலுக்கு விடை கிடைத்தது. ஆல்பத்தின் ஏழாவது பாட்டுக்குப் பிறகு இரண்டாவது பாட்டு பாடும் என் பழைய பிளேயர். பைத்தியம் பிடித்த பிளேயர் என்று திட்டியிருக்கிறேன். சில எளிய பிளேயர்கள் பெயர்வரிசையையோ டேகையோ பார்ப்பதில்லை. கார்டின் அட்டவணையில் கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில்தான் பாடும். கணினியிலிருந்து ஒரு பெரிய குவியலாக இழுத்துப் போட்டால் எது முதலில் போய் எழுதிக்கொள்கிறதோ அதுதான் முதல். ஃபோல்டர் ஃபோல்டராக, வரிசைப்படி நகல் எடுத்தேன், சரியாகிவிட்டது. 1, 2 என்றில்லாமல் 01, 02 என்று எண் போடுவதும் அவசியம், இல்லாவிட்டால் சில பிளேயர்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். தமிழ்ப் பெயர்கள் தனிக் கதை. சிலவற்றில் வெறும் கட்டங்கள். இன்னும் சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் 'கே' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டைப் படிப்பது போலப் படித்துக்கொள்ளலாம். நான் பழகிவிட்டேன்.

அந்தப் பழைய பிளேயருக்கு ரீப்ளேகெயின் தெரியாது. ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டதும் தெரிந்துகொண்டது. 2001 முதல் தன்னார்வலர்கள் எழுதிவரும் மென்பொருள் அது. மெனுவைப் படித்துச் சொல்லும் குரல் வசதிகூட அதில் உண்டு, பார்வையற்றவர்கள் திரையைப் பார்க்காமலே இயக்கலாம். எல்லாப் பிளேயரிலும் ஓடாது, பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். அப்புறம், பயன்படுத்தாமல் உள்ளே வைக்கும் பிளேயரை முழுச் சார்ஜிலோ காலியாகவோ வைக்காமல் பாதிச் சார்ஜில், சூடுபடாத இடத்தில் வைத்தால் பேட்டரி தாங்கும். இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டதற்கு, வயிறு உப்பிப்போன ஒரு பிளேயர் சாட்சி.

லீவு முடிந்து அவள் கிளம்புவதற்கு முதல் நாள் நானே கேட்டேன், இன்னொரு தடவை சோதிப்போமா என்று. இப்போது வலது காது சரி, இடது காது சரி, களைப்பும் இல்லை, பாட்டும் நான் தேர்ந்தெடுத்தது. மறுபடி அதே நாற்காலி, அதே நாணயம், 256-க்கும் ஃபிளாக்குக்கும் அதே 16 சுற்று. இந்த முறை அவசரப்படவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுத்தான் சொன்னேன். பாதிக்கு மேல் பாட்டிலேயே லயித்துப்போய், பதில் சொல்லவே மறந்து, அவள் என் தோளைத் தட்டும்படி ஆயிற்று.

எண்ணிப் பார்த்தாள். 10.

"ஒண்ணு கூடியிருக்கு பார்" என்றேன்.

ஃபோனை எடுத்து ஏதோ கணக்குப் போட்டாள். "சும்மா அடிச்சு விட்டாலும் பத்தோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு நூத்துக்கு இருபத்திமூணு சான்ஸ் இருக்கு மாமா." சொல்லிவிட்டு அதே பழைய தாளை வாங்கி, முதல் எண்ணுக்குக் கீழே 10/16 என்று எழுதினாள். இந்த முறை வட்டம் போடவில்லை.